கந்தஹாரை யார் கையில் கொடுப்பது?

2001 டிசம்பர் 7, வெள்ளிக்கிழமை. தாலிபான்கள் தெற்கு ஆப்கானிஸ்தானின் கந்தஹாரை விட்டு இரவோடு இரவாகக் கிளம்பிவிட்டார்கள். முல்லா ஓமர் எந்தத் திசையில் போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. முந்தைய நாள் பேசி முடித்த ஏற்பாட்டின்படி நகரம் முல்லா நகீபுல்லா என்ற அலிகோசாய் தலைவரின் கைக்கு வந்திருக்க வேண்டும். அவருடைய ஆட்கள் நகருக்கு வடக்கே உள்ள அர்கந்தாப் பள்ளத்தாக்குப் பக்கமிருந்து வந்துகொண்டும் இருந்தார்கள். அதற்குள் விமான நிலையப் பக்கமிருந்து பாரக்சாய் தலைவர் குல் ஆகா ஷெர்சாயின் படை வண்டிகளை முடுக்கிக்கொண்டு வந்து, ஆளுநர் மாளிகைக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டது. இரண்டு நாள் முன்புதான் ஜெர்மனியின் பான் நகரில் நடந்த மாநாட்டில் இடைக்கால அரசின் தலைவராக அறிவிக்கப்பட்டிருந்தார் ஹமீது கர்சாய். அவருடைய முதல் தலைவலி தன் பக்கத்தில் நின்ற இரண்டு பேரால் வந்தது. சில நாள் இழுபறிக்குப் பிறகு ஷெர்சாய் ஆளுநர் ஆனார். நகீப் ஒதுங்கிக்கொண்டார்.

காபூலின் வீழ்ச்சி, தோரா போரா, பின்லாடன் தப்பியது என்று பெரிய கதைகள் இருக்கும்போது, ஒரு மாகாணத் தலைநகரில் யார் நாற்காலியைப் பிடித்தார் என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுத்த இருபது வருடப் போரின் கணக்கு அந்த மாளிகை வாசலில்தான் முதலில் தப்பியது என்று நினைக்கிறேன். அந்த முடிவும் ஒரே நாளில் வந்ததில்லை. அக்டோபர் 7-இல் அமெரிக்கக் குண்டுவீச்சு தொடங்கியதிலிருந்து இரண்டு மாதமாக, பஷ்தூன் தெற்கை யார் வழியாகத் தாலிபானிடமிருந்து எடுப்பது என்ற கேள்விக்குப் பல வழிகள் திறந்தும் மூடியும் கிடந்தன. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். என் ஓட்டு யாருக்கு என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: நகீபுக்கு. அவர் உத்தமர் என்பதால் இல்லை.

முதலில் கொஞ்சம் குலக்கணக்கு. தெற்கில் பஷ்தூன்கள் இரண்டு பெரிய கிளை: துர்ரானி, கில்சாய். 1709-இல் பாரசீக ஆளுநரைக் கொன்று கந்தஹாரில் தனி ஆட்சி அமைத்த மீர்வைஸ் ஹோதக், கில்சாய். 1747-இல் அதே கந்தஹாரில் தலைவர்கள் கூடி அரசராகத் தேர்ந்தெடுத்த அகமது ஷா, துர்ரானி. அதன் பிறகு ஆப்கானிஸ்தானில் அரியணை என்றால் பெரும்பாலும் துர்ரானி வீட்டுச் சொத்துதான். துர்ரானிக்குள்ளேயும் படிக்கட்டு உண்டு. போபல்சாய், பாரக்சாய், அலிகோசாய், அச்சக்சாய் எல்லாம் மேல் வரிசை. நூர்சாய், அலிசாய், இஷாக்சாய் ஆகியோர் பதவிப் பந்தியில் கடைசி வரிசை. முல்லா ஓமர் ஹோதக் கில்சாய். அவருடைய ஆட்சியில் கடைசி வரிசைக்காரர்கள் பலருக்கு முதன்முறையாக முன்னால் இலை போடப்பட்டது.

இதைப் படித்துவிட்டு, தேர்தல் நேரத்துச் சாதிக் கணக்கு மாதிரி எந்தக் குலம் எந்தப் பக்கம் என்று பட்டியல் போடக் கிளம்பினால் ஏமாந்துபோவோம். வாஷிங்டனும் அப்படித்தான் ஏமாந்தது. கர்சாய் போபல்சாய், தாலிபான் தளபதி முல்லா பராதரும் போபல்சாய்தான். நகீப் அலிகோசாய், தாலிபானின் பாதுகாப்பு அமைச்சர் முல்லா உபைதுல்லாவும் அலிகோசாய்தான். ஒரு வீட்டில் ஒரு மகன் இந்தப் பக்கமும் இன்னொருவன் அந்தப் பக்கமும் இருப்பதை அங்கே யாரும் துரோகம் என்று சொல்ல மாட்டார்கள். எந்தப் பக்கம் ஜெயித்தாலும் வீடு நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

பஷ்தோ மொழியில் தர்பூர் என்றொரு சொல் உண்டு. அப்பாவுடன் பிறந்தவரின் மகன் என்று பொருள். போட்டியாளன், எதிரி என்ற பொருளும் அதே சொல்லுக்குள் இருக்கிறது. பங்காளி என்ற சொல்லோடு வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பாட்டன் நிலமும் வாய்க்கால் தண்ணீரும் பங்காகும் இடத்தில் பகை தூரத்திலிருந்து வருவதில்லை. கந்தஹாரில் ஒருவர் தாலிபான் பக்கம் சாய்ந்தார் என்றால், காரணம் ஷரியத்தாகவும் இருக்கலாம். பக்கத்துத் தோட்டத்துப் பங்காளி ஆளுநருக்கு வேண்டியவராகப் போய்விட்டதும் காரணமாக இருக்கலாம்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

தாலிபானை எதிர்த்த வடக்கு ஆயுதக் குழுக்களின் சேர்க்கையான வடக்குக் கூட்டணியையே தெற்கு வரை இறக்கிவிடுவது ஒரு வழி. இதை நீளமாகப் பேச வேண்டியதில்லை. அதன் தளபதி அகமது ஷா மஸ்ஊத் செப்டம்பர் 9-இல் கொல்லப்பட்ட பிறகும் அந்தப் படை கலையவில்லை. நவம்பர் 9-இல் மஸார்-இ-ஷரீப், 13-இல் காபூல் என்று வேகமாக வந்தது. காபூலுக்குள் நுழைய வேண்டாம் என்று மூன்று நாள் முன்பு அதிபர் புஷ் கேட்டுக்கொண்டதையே அது காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் தாஜிக், உஸ்பெக், ஹசாரா வீரர்கள் கந்தஹார் தெருவில் நின்றிருந்தால், தாலிபானை வெறுத்த பஷ்தூனும் துப்பாக்கியைத் தேடியிருப்பான். வடக்கில் சிறுபான்மையாக இருந்த பஷ்தூன் கிராமங்கள் அந்தக் குளிர்காலத்தில் கொள்ளைக்கும் கொலைக்கும் ஆளாகி, ஆயிரக்கணக்கானோர் ஊரை விட்டு ஓடியதைப் பார்த்தால், இந்த வழியைத் தெற்கில் யாரும் முயலாதது நல்லதே.

தாலிபானை உள்ளிருந்தே உடைப்பது இன்னொரு வழி. இஸ்லாமாபாத்தில் சிஐஏ நிலையத் தலைவராக இருந்த ராபர்ட் கிரெனியர், தாலிபானின் தென்பகுதித் தளபதி முல்லா அக்தர் முகமது ஒஸ்மானியை பாகிஸ்தானின் குவெட்டாவில் சந்தித்துப் பேசினார். பின்லாடனைக் கொடுங்கள், முடியாவிட்டால் ஓமரை நீக்கிவிட்டு நீங்களே பொறுப்பை எடுங்கள் என்பது பேச்சின் சாரம். ஒஸ்மானி கேட்டுக்கொண்டார். ஒன்றும் செய்யவில்லை. கிழக்கில் பெரிய தலையான ஜலாலுத்தீன் ஹக்கானியையும் இழுத்துப் பார்த்தார்கள். அதுவும் நடக்கவில்லை.

ஏன் நடக்கவில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1996-இல் முல்லா ஓமர் கந்தஹாரில் நபியின் மேலங்கியாகப் போற்றப்படும் ஆடையைக் கூட்டத்தின் முன் எடுத்துக் காட்டினார். உலமாக்கள் கூடி அவரை அமீருல் மூமினீன், அதாவது இறைநம்பிக்கையாளர்களின் தலைவர், என்று ஏற்று உறுதிமொழி கொடுத்தார்கள். குலத்தலைவர்களுக்குள் செய்துகொள்ளும் கூட்டு நாளைக்கே மாறலாம், யாரும் வியக்க மாட்டார்கள். அமீரிடம் கொடுத்த உறுதிமொழி அப்படிப்பட்டதில்லை. ஒஸ்மானி போன்றவர்கள் போரை விட்டு வீட்டுக்குப் போகத் தயாராக இருந்திருக்கலாம். திரும்பி நின்று ஓமரைச் சுடத் தயாராக இல்லை. வீட்டுக்குப் போ என்று கேட்டால் கிடைக்கக்கூடிய மனிதனிடம், தலைவனைக் காட்டிக்கொடு என்று கேட்டார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூன்றாவது வழிக்கு அப்துல் ஹக் என்று பெயர். எனக்கு இவர் மேல் கொஞ்சம் பாசம் உண்டு, அதையும் கணக்கில் கழித்துக்கொண்டு படியுங்கள். கிழக்கு மாகாணமான நங்கர்ஹாரின் பெயர்பெற்ற கில்சாய்க் குடும்பத்துப் பிள்ளை. சோவியத் காலத்தில் காபூலைச் சுற்றி நடந்த தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கியவர். கண்ணிவெடியில் ஒரு பாதத்தை இழந்தவர். 1999-இல் பெஷாவர் வீட்டில் அவருடைய மனைவியையும் சின்ன மகனையும் யாரோ கொன்றுவிட்டுப் போனார்கள். இவ்வளவுக்குப் பிறகும் அவர் வைத்திருந்த திட்டத்தில் குண்டுக்கு இடமில்லை. கிழக்கின் குலத்தலைவர்களோடும் தாலிபானுக்குள்ளேயே மனம் கசந்திருந்த தளபதிகளோடும் பேசி, ரோமில் இருந்த முன்னாள் அரசர் ஜாஹிர் ஷாவின் பெயரில் ஒரு கூரையைப் போட்டு, ஆட்சியைச் சத்தமில்லாமல் உதிர வைப்பது அவர் எண்ணம். அமெரிக்கா குண்டு போட்டால் ஊசலாடுகிறவர்களும் தாலிபானோடு ஒட்டிக்கொள்வார்கள் என்று வெளிப்படையாகவே சொல்லிவந்தார். சிஐஏ-க்கு அவர் மேல் பெரிய நம்பிக்கை இல்லை.

அக்டோபர் 21-இல் ஏறக்குறைய இருபது பேரோடு, போதிய ஆயுதம்கூட இல்லாமல் எல்லை தாண்டினார். தாலிபான்கள் வளைத்துப் பிடித்தார்கள். அக்டோபர் 26-இல் கொன்றார்கள். வயது 43.

அவர் திட்டம் தப்பா? மூன்றே வாரத்தில் நங்கர்ஹாரின் தலைநகர் ஜலாலாபாத்தைத் தாலிபான்கள் சண்டை இல்லாமல் விட்டுப் போனார்கள். அப்துல் ஹக்கின் அண்ணன் ஹாஜி அப்துல் காதிர் அங்கே ஆளுநர் ஆனார். அப்துல் ஹக் சொன்னது அப்படியே நடந்தது. அவர் உயிரோடு இல்லை, அவ்வளவே. ஆனால் அவர் கணக்கில் விட்டுப்போன ஒன்று இருந்தது. குலத்தலைவர் பக்கம் மாறுவது காற்று எந்தப் பக்கம் என்று தெரிந்த பிறகுதான். அக்டோபர் 21-இல் காற்று இன்னும் அசையவே இல்லை. மதில் மேல் பூனையை மதிலுக்குக் கீழே நின்று கூப்பிட்டால் இறங்காது, தரையில் நாய் இல்லை என்பது அதற்குத் தெரிய வேண்டும். நவம்பர் 13-க்குப் பிறகு அவர் போயிருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். காபூல் விழுந்தபின் சும்மா போய் உட்காருவது அவர் வைத்த வாதத்துக்கே மரியாதையில்லை என்றுதான் முன்கூட்டியே போயிருப்பார் போலிருக்கிறது.

இனி உண்மையான போட்டி. ஷெர்சாய் வழியும், கர்சாய்-நகீப் வழியும்.

ஷெர்சாய் வழி எளிது. அவருடைய அப்பா ஹாஜி அப்துல் லத்தீப் சோவியத் எதிர்ப்பில் கந்தஹாரின் சிங்கம் என்று பெயர் வாங்கியவர்; அந்தப் பெயரைத்தான் மகன் ஷெர்சாய், அதாவது சிங்கத்தின் மகன், என்று ஒட்டவைத்துக்கொண்டார். 1992 முதல் 1994 வரை கந்தஹார் ஆளுநர். அந்த இரண்டு வருடத்தில் சாலைக்குச் சாலை சங்கிலி கட்டி, ஒவ்வொரு தளபதியும் தனித்தனியாகக் காசு பிடுங்கினான். அந்த வெறுப்பில்தான் தாலிபான் என்ற கூட்டமே முளைத்தது. 1994-இல் தாலிபான் வந்ததும் ஷெர்சாய் கிளம்பிப் போனார். 2001 நவம்பரில் அமெரிக்கச் சிறப்புப் படைக் குழு ஒன்றோடு பாகிஸ்தான் எல்லையிலிருந்து புறப்பட்டு, தக்தா புல் வழியாக விமான நிலையத்தை நெருக்கினார். கேட்ட இடத்தில் ஆள் கொடுப்பார், சொன்ன இடத்தில் நிற்பார், முல்லா ஓமருக்கு மன்னிப்பு என்ற பேச்சையே எடுக்க மாட்டார். போரை நடத்துகிற ராணுவ அதிகாரிக்கு இதைவிடச் சௌகரியமான ஆள் கிடைப்பாரா?

கர்சாய் வழி சுற்றுவழி. 1999-இல் அவருடைய அப்பாவை குவெட்டாவில் சுட்டுக் கொன்றிருந்தார்கள். குண்டுவீச்சு தொடங்கிய மறுநாளே சில தோழர்களோடு மோட்டார் சைக்கிளில் எல்லை தாண்டி, கந்தஹாருக்கு வடக்கே உள்ள உருஸ்கான் மாகாணத்துக்குப் போனார். அப்துல் ஹக்குக்கு நடந்தது இவருக்கும் நடந்திருக்கும். நவம்பர் முதல் வாரத்தில் அமெரிக்க ஹெலிகாப்டர் வந்து தூக்கிக்கொண்டு போனது. நவம்பர் 14-இல் சிறு அமெரிக்கக் குழுவோடு திரும்பினார். இரண்டே நாளில் உருஸ்கானின் தலைநகர் தாரின் கோட்டில் ஊரே எழுந்து தாலிபான் நிர்வாகத்தை விரட்டியது. தாலிபான்கள் கந்தஹாரிலிருந்து ஒரு பெரிய வண்டித் தொடரை அனுப்பினார்கள். 17-ஆம் தேதி விமானங்கள் அதைப் பள்ளத்தாக்கிலேயே நொறுக்கின. அதன் பிறகுதான் அந்த அதிசயம்: அன்றுவரை வாசலில் எட்டிப் பார்க்காத வெள்ளைத் தாடிப் பெரியவர்கள் வரிசையாக வந்து கர்சாயோடு தேநீர் குடித்தார்கள். அப்துல் ஹக்கிடம் இல்லாமல் போனது இதுதான். பேச்சும் வேண்டும், பேசுகிறவன் ஜெயிப்பான் என்பதற்கு ஒரு சாட்சியும் வேண்டும்.

ஆப்கானியரை விலைக்கு வாங்க முடியாது, வாடகைக்கு எடுக்கலாம் என்றொரு வாசகத்தை அந்தக் காலத்தில் மேற்கத்தியச் செய்தியாளர்கள் மாறி மாறி எழுதினார்கள். எனக்கு அது அலுத்துப்போன வாசகம். தாரின் கோட் பெரியவர்கள் வாடகைக்கு வந்தவர்களா? ஊருக்குள் தாலிபான் வண்டித் தொடர் நுழைந்திருந்தால் முதலில் எரிந்திருப்பது அவர்கள் வீடு. அந்த அபாயத்துக்குப் பணத்தில் விலை கிடையாது.

கர்சாய் தெற்கே நகர்ந்து ஷா வலி கோட்டில் இருந்தபோது டிசம்பர் 5 வந்தது. ஒரே நாளில் மூன்று சம்பவம். அமெரிக்க விமானம் தவறுதலாகப் போட்ட குண்டு அவர்கள் மேலேயே விழுந்து 3 அமெரிக்க வீரர்களும் ஆப்கானியர் பலரும் செத்தார்கள், கர்சாய்க்கும் லேசான காயம். பான் நகரிலிருந்து அவர்தான் தலைவர் என்ற செய்தி. அப்புறம் தாலிபானிடமிருந்து சரணடைகிறோம் என்ற சொல். உபைதுல்லா போன்றவர்கள் பேசிய பேச்சு மறுநாள் வெளியே வந்தது: நகரத்தையும் ஆயுதத்தையும் முல்லா நகீபிடம் ஒப்படைப்போம், எங்கள் ஆட்கள் அவரவர் ஊருக்குப் போவார்கள், ஓமர் கௌரவத்தோடு இருக்க விடவேண்டும்.

ஒஸ்மானியிடம் கேட்டுக் கிடைக்காததைப் பற்றிச் சொன்னேனே, இப்போது கிடைத்தது அதன் மறுபாதி. காட்டிக்கொடுக்க மாட்டோம், வீட்டுக்குப் போகிறோம்.

ஓமர் கௌரவமாக இருக்கும் எந்த ஏற்பாட்டையும் ஏற்க மாட்டோம் என்று பாதுகாப்புச் செயலர் ரம்ஸ்பெல்ட் அன்றே சொல்லிவிட்டார். அமெரிக்காவின் கோணத்தில் பார்த்தால் அதில் தப்பு சொல்ல முடியாது. செப்டம்பர் 11 முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. எந்த அரசியல்வாதியும் வேறு மாதிரி பேசியிருக்க முடியாது. ஆனால் ஓமரின் தலையும் ஆயிரக்கணக்கான சாதாரணத் தாலிபான்களின் வீடு திரும்புதலும் ஒரே மூட்டையில் கட்டப்பட்டு, அந்த மூட்டையே தூக்கி எறியப்பட்டது. இரண்டையும் பிரித்திருக்கலாம்.

அந்த ஏற்பாட்டுக்கு ஏன் நகீப்? இதற்கு 1994-க்குப் போகவேண்டும். அப்போது கந்தஹாரில் பெரிய படையை வைத்திருந்தவர் நகீப்தான். அவர் நின்று சண்டை போட்டிருந்தால் தாலிபான் அவ்வளவு எளிதாக நகருக்குள் வந்திருக்காது. அவர் நகரத்தைக் கொடுத்துவிட்டு அர்கந்தாபில் தன் மாதுளைத் தோட்டங்களுக்குப் போய்விட்டார். ஏழு வருடம் தாலிபான் அவரைப் பெரிதாகத் தொந்தரவு செய்யவில்லை, அவரும் செய்யவில்லை. 2001-இல் அதே படம் தலைகீழாக ஓடுகிறது: தாலிபான் அவரிடம் நகரத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறது. அன்று நான் உன்னைப் போகவிட்டேன், நீ என்னைப் போகவிட்டாய், இன்றும் அப்படியே. கந்தஹாரில் ஆட்சி கைமாறுவதற்கு எழுதப்படாத ஒரு விதி இருந்தது என்றால் அது இதுதான். தோற்றவன் உயிரோடு ஊர் திரும்பலாம். ஜெயித்தவன் அவன் தோட்டத்துக்குள் நுழையக்கூடாது. இந்த விதியைக் காப்பாற்றுவார் என்று இரு தரப்பும் நம்பக்கூடிய ஆள் அந்த ஊரில் அப்போது நகீப் ஒருவர்தான்.

ஷெர்சாய் அந்த விதிக்கு வெளியே இருந்தவர். 1994-இல் ஓடவேண்டி வந்தவர், திரும்பி வந்தது கணக்குத் தீர்க்க. அவர் ஆளுநர் ஆனதும் அமெரிக்கத் தளத்துக்குச் சரளை, எரிபொருள், வண்டி, மொழிபெயர்ப்பாளர் எல்லாம் அவருடைய ஆட்கள் வழியாகவே போயின. இதையாவது ஊழல் என்று சொல்லி விட்டுவிடலாம். மொழிபெயர்ப்பாளரும் அவர் ஆள் என்பதுதான் ஆபத்து. யார் தாலிபான் என்று அமெரிக்கர்களுக்குச் சொல்லும் வாய் ஒரே வாயாகிப்போனது. தாலிபான்கள் துப்பாக்கியைப் போட்டுவிட்டுப் போன ஊரில், தாலிபானைப் பிடித்துக் கொடு என்று வெளிநாட்டுப் படை கேட்டுக்கொண்டே இருந்தால், பங்காளிகளைப் பிடித்துக் கொடுப்பார்கள்.

அதுதான் நடந்தது. 2002 மே மாதம் கந்தஹாருக்கு மேற்கே மைவந்த் பகுதியில் பந்த்-இ-தைமூரில் அமெரிக்கப் படை நடத்திய இரவுச் சோதனையில், இஷாக்சாய் மூத்த தலைவர் ஹாஜி பர்கெட் கான் உயிரிழந்தார். பத்துக்கணக்கான பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கடைசி வரிசைக் குலம் என்று சொன்னேன் அல்லவா, அதே இஷாக்சாய். 2015-இல் ஓமருக்குப் பிறகு தாலிபான் தலைவரான முல்லா அக்தர் மன்சூர் அந்தக் குலத்துக்காரர், அந்த மைவந்த் வட்டாரத்துக்காரர். ஒரு சோதனையால்தான் ஒரு குலமே திரும்பியது என்று எழுதினால் அது கதையாகிவிடும். ஆனால் ஷெர்சாயின் ஆட்சியில் தங்களுக்கு இலை விழாது என்று அந்த ஊர்கள் முடிவு செய்ய இதைவிடத் தெளிவான சாட்சி தேவைப்பட்டிருக்காது.

ஷெர்சாய் மட்டும் இப்படி என்று சொல்வது நியாயமில்லை. கர்சாயின் நண்பர் ஜான் முகமது கான் உருஸ்கானில் இதையே செய்தார். கில்சாய்களும் நூர்சாய்களும் அவர் கையில் பட்டபாடு பெரிது. 2002 ஜனவரியில் காஸ் உருஸ்கானில் அமெரிக்கப் படை இரண்டு இடங்களில் இறங்கிப் பலரைக் கொன்று 27 பேரைப் பிடித்துப் போனது. பிறகுதான் தெரிந்தது, அவர்கள் புதிய அரசின் ஆட்கள். கிழக்கில் பாச்சா கான் ஜத்ரான் இன்னும் ஒருபடி மேல். 2001 டிசம்பர் 20-இல் கர்சாயின் பதவியேற்புக்குக் காபூல் போய்க்கொண்டிருந்த பெரியவர்களின் வண்டித் தொடர் மேல் அமெரிக்க விமானம் குண்டு போட்டது. தவறான துப்புக் கொடுத்தவர் பாச்சா கான்தான் என்று ஊர்க்காரர்கள் குற்றம் சாட்டினார்கள். அவர் மறுத்தார். அடுத்த சில மாதங்களில் கர்தேஸ் நகரம் அவரை ஆளுநராக ஏற்க மாட்டோம் என்றபோது அந்நகர் மேலேயே ராக்கெட் வீசினார்.

அப்படியானால் வழி எதுவாக இருந்தாலும் கதை ஒன்றுதானே என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். கர்சாய் வழியிலும் ஜான் முகமதுகள் இருந்தார்கள். என் பதில் இது: நகீப் ஆளுநராகியிருந்தால் அவரும் அலிகோசாய்களுக்கே பெரிய பங்கைக் கொடுத்திருப்பார், சந்தேகமில்லை. ஆனால் அவர் கையில் இருந்தது பங்கு மட்டும் இல்லை. சரணடைந்தவர்களுக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார். ஒரு தாலிபான் பழைய தளபதி வீட்டில் நள்ளிரவில் கதவு உடைக்கப்பட்டால், அது நகீபின் வாக்கை உடைத்தது ஆகும். அவர் மூக்கு அறுபடும். அதைத் தடுக்க அவருக்குச் சொந்தக் காரணம் இருந்தது. ஷெர்சாய்க்கு அப்படி எந்தக் காரணமும் இல்லை. அவர் யாருக்கும் வாக்கே கொடுக்கவில்லை.

தாலிபானின் வெளியுறவு அமைச்சராக இருந்த முத்தவக்கீல் 2002 பிப்ரவரியில் கந்தஹாரில் தானாக வந்து சரணடைந்தார். அமெரிக்கர்களின் பக்ராம் சிறைக்குப் போனார். கர்சாயின் குலத்துக்காரரான தாலிபான் தலைவர் கைருல்லா கைர்குவா அதே சமயத்தில் பாகிஸ்தானில் பிடிபட்டு, 2014 வரை குவாண்டனமோவில் இருந்தார். வெளியே காத்திருந்தவர்கள் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஊரில் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம் என்று நினைத்தவனும் குவெட்டாவுக்கு மூட்டை கட்டினான்.

நகீபுக்கு எதிரான வாதம் வலுவில்லாதது இல்லை. 1994-இல் கந்தஹாரைத் தாலிபானிடம் கொடுத்தவர் அவர். அவரை எப்படி நம்புவது? ஓமர் தப்பிக்கவே இந்த ஏற்பாடு என்றும் சொன்னார்கள், இருக்கலாம். நகீப் கையில் நகரம் இருந்திருந்தால் ஓமர் நிச்சயம் அர்கந்தாபில் யார் வீட்டிலாவது விருந்தாளியாக இருந்திருப்பார். விருந்தாளியை ஒப்படைப்பது அங்கே நடக்காத காரியம். ஆனால் ஷெர்சாய் மாளிகைக்குள் புகுந்த அந்த நாளில் ஓமர் பிடிபட்டாரா? இல்லையே. அவர் கடைசிவரை பிடிபடவே இல்லை. விலையை மட்டும் கொடுத்தார்கள், பொருள் வரவில்லை.

விசுவாசம் பற்றிச் சொல்வதென்றால், 2021 ஆகஸ்டில் தாலிபான் திரும்பி வந்தபோது வாழ்த்துச் சொல்லி, தாலிபானுக்கு ஆதரவு என்று காணொளியில் உறுதி கொடுத்தவர்களில் ஒருவர் குல் ஆகா ஷெர்சாய். இதைக் கிண்டலுக்காகச் சொல்லவில்லை. 1994-இல் நகீப் செய்ததைத்தான் அவரும் செய்தார். அந்த ஊர் வழக்கம் அது. மாறாத விசுவாசத்தைத் தகுதியாக வைத்து ஆள் எடுத்தது ஆள் எடுத்தவர்களின் தப்பு.

குலத்தையே மொத்தமாகப் பிடித்துவிடலாம் என்ற எண்ணம் பிறகும் போகவில்லை. 2010 ஜனவரியில் நங்கர்ஹாரின் ஷின்வாரி குலப் பெரியவர்கள் தாலிபானை எதிர்ப்பதாகக் கையெழுத்திட்டார்கள். 10 லட்சம் டாலர் வளர்ச்சிப் பணம் தருவதாக அமெரிக்க ராணுவம் சொன்னது. ஆப்கானிஸ்தானே திரும்பப்போகிறது என்று கொண்டாட்டம். சில வாரத்தில் அச்சின் பகுதியில் ஒரு நிலத்துக்காக ஷின்வாரியின் இரண்டு கிளைகள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. ஒப்பந்தம் அத்தோடு போனது. தர்பூர் என்ற சொல்லை ஒரு தடவை சரியாகப் புரிந்துகொண்டிருந்தால் அந்தப் பணம் மிச்சம்.

கந்தஹாரிலிருந்து ஷெர்சாயை 2005-இல் நங்கர்ஹாருக்கு மாற்றினார்கள். நகீபின் ஆட்கள் பதவிகளிலிருந்து ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள். காபூல் காவல் தலைவராக இருந்த அலிகோசாய்த் தளபதி முகமது அக்ரம் காக்ரேஸ்வால் 2005 ஜூனில் ஒரு மசூதிக் குண்டுவெடிப்பில் இறந்தார். இவ்வளவு ஒதுக்கப்பட்ட பிறகும் நகீப் அர்கந்தாபில் தாலிபானை உள்ளே விடவில்லை. கந்தஹாருக்கு வடக்கு வாசல் அந்தப் பள்ளத்தாக்கு.

2007 அக்டோபரில் அவர் மாரடைப்பால் இறந்தார். பெரியவர்கள் பலர் இருக்க, கர்சாய் நகீபின் இளவயது மகனைக் குலத் தலைவராக அறிவித்துத் தலைப்பாகை கட்டிவிட்டார். அந்த மாதம் முடிவதற்குள் தாலிபான்கள் அர்கந்தாபுக்குள் நுழைந்து நகீபின் சொந்த ஊரான சார் குல்பா வரை போனார்கள். 1987-இல் சோவியத் துருப்புகளும் காபூல் அரசின் துருப்புகளும் ஒரு மாதம் போல முற்றுகையிட்டும் பிடிக்க முடியாமல் திரும்பிய ஊர் அது.